கடைசியில் வருவதற்காகக் காத்திருந்த இருவர்

எங்கள் ஊர்ப் பக்கம் நோட்டீஸில் முதலில் இருக்கிற பெயர் மேடைக்குக் கடைசியில் வரும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. வரை போய்விட்டுத்தான் நின்றேன். அதனாலோ என்னவோ, பாடப்புத்தகத்தில் இல்லாத எதையும் ரொம்ப நாள் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். அதற்கான கூலியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கல்யாண மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் வாங்கினேன்.

சங்கரன்கோவிலில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, கட்சி பிளக்ஸ் எல்லாவற்றுக்கும் கணினியில் எழுத்தையும் படத்தையும் வைத்துக் கொடுப்பது நான்தான். கண்ணீர் அஞ்சலியில் இறந்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துபவர் படம் பெரிதாக இருக்க வேண்டும், கட்சி பிளக்ஸில் மாவட்டச் செயலாளர் சிரித்தால் ஒன்றியச் செயலாளர் கும்பிட மட்டும்தான் வேண்டும் என்பது போன்ற நுட்பங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இவ்வளவு தெரிந்தவள் சின்னதாக ஒன்றில் கோட்டை விட்டேன்.

அம்மா சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்த்தாள். நான் பிறப்பதற்கு முன்பே அந்த அடுப்புக்குப் போய்விட்டாள். அப்பா தறி ஓட்டியவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லப்போகிற இந்தக் கதை நடந்த மாதத்தின் கடைசி நாளில் அம்மா ஓய்வு பெற இருந்தாள்.

சத்துணவு ஊழியர்களுக்கு அரசாங்கம் தருவது எல்லாமே சிறப்பானது. வேலையில் இருக்கும்போது சிறப்பு காலமுறை ஊதியம். வேலை முடிந்தால் சிறப்பு ஓய்வூதியம். அரசாங்கம் ஒன்றுக்கு முன்னால் 'சிறப்பு' என்று போட்டால், மற்றவர்களுக்குக் கிடைப்பது இவர்களுக்குக் கிடையாது என்று படித்துக்கொள்ள வேண்டும். எம்.ஏ. படித்ததால் எனக்கு இது சீக்கிரம் புரிந்தது. அம்மாவுக்குப் படிக்காமலே புரிந்திருந்தது. அந்தச் சிறப்பு ஓய்வூதியத்தில் ஒரு சிலிண்டர், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, அரை மாதத்துக்கு அரிசி, பருப்பு வாங்கலாம். மிச்ச அரை மாதம் என்ன செய்வது என்பதைத்தான் செய்தித்தாளில் 'ஓய்வூதியத்தின் எதிர்காலம்' என்று எழுதுகிறார்கள்.

கடையநல்லூரில் கல்யாணச் சமையலை எடுத்துச் செய்யும் பாய் ஒருவர் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்தார். அம்மா பதமாக வடித்த சோற்றை எங்கேயோ சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்.

"யக்கா, நோம்புப் பெருநா முடிஞ்ச மறுவாரத்துல இருந்து வரிசையா கல்யாணம். துபாய்ல, சவுதில இருக்க மாப்பிள்ளைமாரு எல்லாம் வந்துருவாவ. பிரியாணி நான் பாத்துக்கிடுவேன். வெள்ளைச் சோறுக்கு எனக்கு ஒரு கை வேணும். வாரியளா இல்லியா, பெருநாளுக்கு முந்தி ஒரு சொல்லு சொல்லிருங்க. இல்லன்னாலும் வருத்தம் இல்ல, வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. காரணம் அவளுடைய முட்டி. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, இனி நின்று செய்யும் வேலை கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். என் சம்பளம் வீட்டு வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாக இருக்கும். அதனால் அம்மா தன் வாழ்க்கையை இரண்டே வரியில் முடித்து வைத்திருந்தாள்.

"பென்சன் கூடுதுன்னா உக்காருதேன். கூடாதுன்னா பாய்கிட்ட போறேன். ரெண்டுல ஒண்ண யாராவது வாயத் தொறந்து சொன்னா போதும்ட்டி."

சொல்ல வேண்டியவர்கள் எங்கள் பகுதியில் இரண்டு பேர். ஒருவர் மீசைக்காரர், இன்னொருவர் கண்ணாடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இதில் யார் கட்சி ஆள்கிறது, யார் கட்சி எதிர்க்கிறது என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உபயோகம் இல்லை. இருவர் கட்சியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவைதான். எதிர்வரிசையில் இருந்தால், வந்ததும் முதல் கையெழுத்து ஓய்வூதியத்துக்கு என்று முழங்க வேண்டும். ஆளும் வரிசைக்கு வந்தால் குழு அமைத்து, குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். இது முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல அவர்களுக்குள் ஒழுங்காக நடந்துவந்தது. அந்தக் குழுக்களில் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். பழைய, முழு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்பதால் அறிக்கை எழுத அவர்களுக்கு அவசரம் இருக்காது.

தேர்தல் தேதி வரவில்லை. ஆனால் வரப்போகிறது என்பது சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலேயே தெரிந்தது. சத்துணவு ஊழியர் சங்கத்தின் செயலாளர் அக்கா, சிவகிரிப் பக்கம் அமைப்பாளராக இருப்பவர், கோரிக்கை நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு வந்தார்.

"எப்பவும் போலதான் மக்கா. தேதிய மட்டும் மாத்திரு. கோரிக்க எல்லாம் போன தடவ உள்ளதுதான்" என்றார்.

"இப்படி ஒவ்வொரு தடவையும் ஒருத்தரை மட்டும் கூப்பிட்டா என்ன ஆகும்க்கா? அவர் வந்து அடுத்தவரைத் திட்டிட்டுப் போயிடுவார். ரெண்டு பேரையும் ஒரே மேடையில உக்கார வச்சு, எதிரும் புதிருமா விவாதிக்கச் சொல்லுங்க. நம்ம ஆட்கள் கேள்வி கேக்கட்டும்" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் வருவாவளா?"

"ஏன் வர மாட்டாங்க? ஜனநாயகம்க்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்த பிள்ளை சொல்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். அந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா, அம்மா, நான் மூவரும் போய் இருவரையும் அழைத்தோம். மீசைக்காரர் உடனே சம்மதித்தார். கண்ணாடிக்காரர் அதைவிட உடனே சம்மதித்தார். "விவாதம்னா எனக்கு அல்வா சாப்பிடுத மாதிரி" என்று சிரித்தார். வெளியே வரும்போது நான் அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். வருவதாகச் சொல்வது அவர்களுடைய தினசரி வேலை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் மீசைக்காரரின் ஆள் அச்சகத்துக்கு வந்தார். "நோட்டீஸ்ல அண்ணாச்சி பேருதான் முதல்ல" என்றார். மத்தியானம் கண்ணாடிக்காரரின் ஆள் வந்தார். அவர் அண்ணாச்சி பேரும் முதலில்தான் வர வேண்டுமாம்.

அகர வரிசையில் போடலாம் என்றேன். யார் பெயர் முன்னால் வரும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஒருவர் ஒப்புக்கொண்டார், ஒருவர் மறுத்தார். சரி, வட்டமாகப் போடலாம், வட்டத்தில் முதல், கடைசி கிடையாது என்று கணினியில் வரைந்தே காட்டினேன். மீசைக்காரரின் ஆள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"வட்டம் சரிதான் பிள்ள. வட்டத்துல மேல இருக்கது யாரு?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு நோட்டீஸ் அடித்தேன். மஞ்சள் தாளில் மீசைக்காரர் முதலில். ரோஸ் தாளில் கண்ணாடிக்காரர் முதலில். அவரவர் ஆட்களுக்கு அவரவர் நிறம். இருவருமே 'சிறப்பு விருந்தினர்'. பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது. அச்சக முதலாளிக்கும் சந்தோஷம்தான், இரண்டு நோட்டீஸ் என்றால் அவருக்கு இரண்டு பில். நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்து போனேன். நாடாளுமன்றம் என்னை எப்படி இத்தனை நாள் விட்டுவைத்தது என்றுகூடத் தோன்றியது.

கூட்டத்தில் முதல் கேள்வியை அம்மா கேட்பது என்று சங்கத்தில் முடிவானது. அந்த மாதம் ஓய்வு பெறுகிறவள் அவள்தானே. கேள்வியை நான் எழுதினேன். சமூகநீதியில் ஆரம்பித்து, அரசமைப்புச் சட்டத்தைத் தொட்டு, முதுமையின் கண்ணியத்தில் போய் முடியும், ஒன்றரைப் பக்கம். வாசித்துக் காட்டியபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாருக்குட்டி. ஆனா இத நான் கேட்டு முடிக்கதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்."

"பின்னே நீ என்ன கேப்பே?"

"கூடுமா, கூடாதா?"

அவ்வளவுதான் அவள் கேள்வி. எனக்கு அது கேள்வி மாதிரியே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். வாசுதேவநல்லூர், சிவகிரி பஸ்களில் வந்திறங்கிய பெண்கள் ஒன்பதரைக்கே மண்டபத்தை நிறைத்துவிட்டார்கள். அடுப்படியில் நேரத்தோடு வேலை பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். ஒரு மணிக்குப் பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றால், குழுவின் அறிக்கை வரட்டும் என்று சொல்ல முடியாது. மேடையில் வெள்ளைத் துணி போட்ட இரண்டு நாற்காலிகள். இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில், நூல் பிடித்தது போல நானே போட்டிருந்தேன்.

பத்து மணி. பத்தரை. பதினொன்று. நாற்காலிகள் ஒரே கோட்டில் அப்படியே இருந்தன.

வாசலில் இருவரின் ஆட்களும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து, ஆளுக்கொரு போனைக் காதில் வைத்து நின்றார்கள். இருவரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள்.

"இல்ல அண்ணாச்சி, அவரு இன்னும் வரல. ஆமா, ஆமா. வந்த உடனே சொல்லுதேன்."

மைக் டெஸ்ட் செய்தவர் பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். தாமதமாக வந்த ஒரு பெண் உள்ளே நுழையும்போதே சத்தமாகச் சொன்னாள்: "தேரடில மீசைக்காரரு காரு நிக்கி. ஏசி போட்டு உள்ள உக்காந்திருக்காரு."

"பஸ் ஸ்டாண்டுகிட்ட மத்தவரு காரும் நிக்கே!" என்றாள் இன்னொருத்தி.

மண்டபத்துக்கு ஒரு பக்கம் ஐந்து நிமிட நடை தேரடி. மறுபக்கம் ஐந்து நிமிட நடை பஸ் ஸ்டாண்ட். இருவரும் வந்தேவிட்டார்கள். வந்து, உள்ளே வராமல் நிற்கிறார்கள். நான் மீசைக்காரரின் ஆளிடம் போனேன்.

"இவ்வளவு பக்கத்துல வந்துட்டு ஏன் உள்ளே வரலை?"

அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நோட்டீஸை எடுத்து விரித்தார். "முதல் பேரு யாரு? அண்ணாச்சி. முதல் பேருக்காரரு முன்னாடியே வந்து நாற்காலில காத்துக் கிடந்தா என்ன மரியாத? அவரு வந்து உக்காரட்டும், அண்ணாச்சி ரெண்டு நிமிசத்துல வருவாவ."

அடுத்த தூணிலிருந்த ஆளும் கையைப் பைக்குள் விட்டார். ரோஸ் நோட்டீஸை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். முதல் பெயர் கண்ணாடிக்காரர்.

இரண்டும் என் கைவண்ணம். இரண்டிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஒரே கூட்டத்துக்குக் கடைசியாக வர வேண்டியவர்களாக இரண்டு பேரை நியமித்துவிட்டேன். உலகம் அழிகிறவரை இருவரும் காரில் உட்கார்ந்திருக்கலாம். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. விவாதத்துக்கு வரவில்லை என்று யாராவது கேட்டால் காட்ட, இருவர் பையிலும் நான் அச்சடித்த ஆதாரம் இருக்கிறது.

உள்ளே பெண்களிடம் விஷயம் பரவியது. கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது.

"சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்புல வந்து நின்ன ஊரு மதினி இது. இவனுவளுக்கு ஒரே மேடையில நிக்க வலிக்காக்கும்" என்றாள் ஒருத்தி அம்மாவிடம்.

"அது அம்மன் ஒத்தக்கால்ல நின்னு தபசு இருந்ததால வந்தாவ" என்றாள் அம்மா. "நமக்குத்தான் ரெண்டு முட்டியும் போச்சே. யாரு வருவா?"

சொல்லிவிட்டு எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். "வாட்டி, போவோம்" என்றாள்.

"எங்கம்மா?"

"அவிய வரலன்னா நாம போவோம். எனக்கு இன்னும் நாலு நாள்ல பெருநா வந்துரும்."

வெயிலில் தேரடிக்கு நடந்தோம். ஐந்து நிமிட நடை அம்மாவுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் கண்ணாடி இறங்கியதும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று எங்கள் மேல் அடித்தது.

"வாங்கம்மா, வாங்க! இந்த வெயில்ல ஏன் நடந்து வந்திய? சொல்லி அனுப்பிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார் மீசைக்காரர்.

"சொல்லித்தான் அனுப்பிருந்தோம்" என்றாள் அம்மா. "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். எங்க பென்சன் கூடுமா, கூடாதா?"

"நல்ல கேள்வி. உங்களப் போல தாய்மாரு பொங்கிப் போட்ட சோத்தத் தின்னு வளந்தவம்மா நான்."

அம்மா ஆர்வமாகிவிட்டாள். "அப்படியா! எந்தப் பள்ளிக்கூடம்?"

"அது... பொதுவா சொல்லுதேன்."

"சரி. கூடுமா?"

"உங்க கோரிக்க நியாயமானது. தலைமையோட கவனத்துக்குக் கண்டிப்பா கொண்டுபோவேன்."

"போன தடவையும் கொண்டுபோனியளே."

"அது போன தடவ. இந்தத் தடவையும் கொண்டுபோவேன்."

காருக்குள் ஒரு பெட்டி நிறைய சால்வை இருந்தது. மேடையில் போடுவதற்காக வைத்திருந்தது போலும். கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே ஊன்றி, ஒன்றை எடுத்து அம்மாவின் தோளில் போட்டார். காரில் கூட இருந்த இன்னோர் ஆள் படம் எடுத்தார். கதவு மூடி, கண்ணாடி ஏறியது. கேள்வி வெளியே எங்களோடு நின்றது.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட். மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே போய் உட்காரு, நான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "நீ போனா ஒன்றரைப் பக்கம் கேப்ப" என்று சொல்லி அம்மா நடையை நிறுத்தவில்லை.

கண்ணாடிக்காரர் காரைவிட்டு முழுதாக இறங்கினார். அவரிடம் பண்பு அதிகம். நிதி நிலைமையைப் பற்றிப் பேசினார், முந்தைய ஆட்சியைப் பற்றிப் பேசினார், முந்தைய ஆட்சிக்கு முந்தைய ஆட்சி தங்களுடையது என்பதால் அதற்குப் போகாமல் நிறுத்திக்கொண்டார். குழு என்ற சொல்லை மூன்று முறை சொன்னார். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, கூடும்னு சொல்ல முடியலன்னா பரவால்ல. கூடாதுன்னாவது சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டுப் போனார். பொது இடத்தில் கெட்ட வார்த்தை கேட்டது போல இருந்தது அவர் முகம்.

"கூடாதுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? இல்லன்னு சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாதே."

"நீங்க சொன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். கூடாதுன்னா நான் வேற வேலைக்குப் போகணும். ஒருத்தருக்குப் பெருநாளுக்கு முந்தி பதில் சொல்லணும். அதுக்காவத்தான் கேக்கேன்."

"நல்லதே நடக்கும்மா."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், நீங்களும் சட்டமன்றத்துல இருந்தவர்தான். உங்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. அதைக் கூட்டுறதுக்கு எந்தக் குழு போட்டாங்க? எத்தனை நாள் விவாதிச்சாங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "படிச்ச பிள்ளை போல. நல்லா வரும்" என்றார். பிறகு அம்மாவுக்குச் சால்வை போட்டார். அதையும் படம் எடுத்தார்கள். மீசைக்காரருடையது பச்சை, இவருடையது நீலம். இரண்டையும் போட்டுக்கொண்டு அம்மா பங்குனி வெயிலில் பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்றாள். ஓய்வூதியம் கேட்டுப் போனவளுக்கு வேர்வைதான் கூடியது.

பூக்கடைகளுக்குப் பக்கத்தில் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தோம். அம்மா முட்டியை நீவிக்கொண்டாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. எல்லாம் என்னால்தான், இரண்டு நோட்டீஸ் அடிக்காமல் இருந்திருந்தால் யாராவது ஒருவராவது உள்ளே வந்திருப்பார் என்றேன்.

"வந்திருப்பாரு. வந்து உள்ள வச்சி இதே சால்வையப் போட்டிருப்பாரு" என்றாள் அம்மா. "கூடாதுங்கதத்தான் ரெண்டு பேரும் சொல்லிட்டாவளே. வாயால சொல்லல, அவ்ளோதான். பாய்க்குப் போனப் போடு."

போட்டுக் கொடுத்தேன். பேசும் சத்தம் எனக்கும் கேட்டது.

"பாய், நான் வாரேன். ஆனா எனக்கு முட்டி சரியில்ல. ரொம்ப நேரம் நிக்க முடியாது. சொல்லாம வரக் கூடாதுல்லா."

"உக்கார ஒரு ஸ்டூலு போட்டுத் தாரேன். பதம் பாக்க மட்டும் எந்திரிச்சாப் போதும். தூக்கி எறக்க ஆளு இருக்கு. சரியா?"

"சரி பாய்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது செயலாளர் அக்கா நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிநிரலில் நன்றியுரை இருந்தது, அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வருகை தந்து சிறப்பித்த இருவருக்கும் நன்றி என்று எழுதி வைத்திருந்ததை அவர் அப்படியே வாசித்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். சில பேர் விசிலும் அடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அச்சகத்துக்கு இரண்டு பிளக்ஸ் ஆர்டர் வந்தது. 'சத்துணவு ஊழியர்களின் ஓய்வூதிய விவாத மேடையில் எழுச்சியுரை' என்று ஒன்று. 'ஓய்வூதியப் போராளிகளுக்குத் தோள் கொடுத்தவர்' என்று இன்னொன்று. இரண்டிலும் சால்வை போடும் படம். படத்தில் கார் தெரியாதபடி வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அம்மாவின் முகத்தை மட்டும் இரண்டிலும் அவர்கள் கேட்டதைவிடப் பெரிதாக வைத்தேன். ஏதோ என்னால் முடிந்தது. அடுத்த வாரம் முழுக்க அம்மா எங்கள் ஊரின் இரண்டு முனையிலும் பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றாள்.

மாதக் கடைசியில் பள்ளியில் அவளுக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் கடையநல்லூருக்குப் போனாள். அது அவளுடைய முதல் கல்யாணம். அன்று சாயங்காலம் திரும்பி வந்தவள், வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"ரெண்டு பேரும் வந்திருந்தாவ."

"யாரு?"

"மீசையும் கண்ணாடியும்தான். சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டாவ."

நான்கு பேருக்கு ஒரு பெரிய தட்டு வைத்துச் சேர்ந்து சாப்பிடும் பழைய வழக்கத்தை விடாத வீடு அது. இருவருக்கும் இன்னும் ஐந்தாறு கல்யாணங்களுக்குப் போக வேண்டிய அவசரம். அதனால் சமையல் நடக்கும் இடத்தை ஒட்டியே விரிப்பு போட்டு, இருவரையும் ஒரே தட்டில் உட்கார வைத்துவிட்டார்களாம். யார் முதலில் வந்தது, யார் கடைசியில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் தொடை இடிக்க உட்கார்ந்து, அவர் கறியை இவர் பக்கம் தள்ள, இவர் கத்தரிக்காயை அவர் பக்கம் தள்ள, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். பிரியாணி முடிந்து வெள்ளைச் சோறு வரும் நேரத்தில் பரிமாறுகிறவர் பக்கத்தில் இல்லை. பாய் கண்ணைக் காட்ட, அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து சோற்றுச் சட்டியோடு போயிருக்கிறாள்.

"உன்னை அவங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"ஊரு பூரா என் மூஞ்சிய அம்மாம் பெரிசா போட்டு வச்சிருந்த. அவியளுக்குத் தெரியல."

"கேட்டியாம்மா? கூடுமா கூடாதான்னு?"

"சாப்புடுத இடத்துல போயி அதக் கேப்பாவளாட்டி? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அம்மா முட்டியில் வெந்நீரை அள்ளி ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாவ, 'வைங்க'ன்னு. யோசிக்கவே இல்ல."